படிக்கட்டும் மலைப்பாதையும்: வீடியோ கேமில் கதை சொல்வது எப்படி?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் பிள்ளைகளின் செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "எங்க காலத்துல பாட்டி கதை சொன்னாங்க. இதுங்களுக்குக் கதையே கிடையாது, சுடறதும் ஓடறதும்தான்" என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். கேம் தயாரிப்பில் கதை எழுதும் வேலையில் இருப்பவன் நான் என்பதால், "அடுத்த கூட்டத்துல நீங்களே பதில் சொல்லிடுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பதில் சொல்ல வந்திருக்கிறேன். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு சங்கதி. அதற்குச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. இன்றைய பேச்சில் அது இல்லை.

கேமில் கதை உண்டா என்று கேட்டால், பெரும்பாலானவற்றில் உண்டு. எங்கள் தொழிலில் அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கதையின் வரிசை யார் கையில் இருக்கிறது என்பது. முதலில் இது, அப்புறம் அது, கடைசியில் இது என்று செய்தவரே தீர்மானித்திருந்தால் அது நேர்கோட்டுக் கதை. ஆடுகிறவர் கைக்கு அந்த வரிசை கொஞ்சமாவது போனால் நேர்கோடு இல்லாத கதை. இரண்டில் எது உசத்தி என்று இணையத்தில் இளைஞர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். என் கட்சி என்ன என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்து நாளுக்கு ஒன்றாக 365 படி. டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை போட்டு, திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். நூறாம் படிக்கு அடுத்தது நூற்றியொன்றுதான். யாரும் குலுக்கிப் போட்டு ஏறுவதில்லை. நேர்கோட்டுக் கதை இதுதான். உங்களில் தொண்ணூறுகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 1989இல் ஜோர்டன் மெக்னர் செய்தது. இளவரசியை மீட்க 60 நிமிஷம், ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு லெவல். முள்ளில் விழுந்து செத்தால் அந்த லெவலின் ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டும், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "மாநாடு" படத்தில் கதாநாயகன் செத்துச் செத்து அதே நாளுக்குத் திரும்புகிறாரே, கேம் ஆடிய பிள்ளைகளுக்கு அது புரியக் கஷ்டமே இருக்கவில்லை.

ஒரே வழி, ஒரே முடிவு என்றால் சலிக்காதா என்று கேட்கலாம். நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவை நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. துரியோதனன் சாவான் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். இருந்தும் படுகளத்தன்று மண்ணால் செய்த அந்தப் பெரிய உருவத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளவா அவர்கள் வருகிறார்கள்? அர்ச்சுனன் தபசு அன்று இன்னும் கவனியுங்கள். நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுகிறார். குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்கிறார்கள். கதையின் ஒரு வரியைக்கூட அவர்களால் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பழம் தன் மடியில் விழுந்த பெண்ணுக்கு அன்றைய கதை அவளுடைய கதை. இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கே திரும்பி வர வேண்டியிருக்கிறது.

அடுத்து கிளை பிரியும் கதை. 2001இல் ஜீவா இயக்கிய "12பி" பார்த்திருப்பீர்கள். நாயகன் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் வேறொரு வாழ்க்கை, இரண்டும் மாறி மாறி வரும். படத்தில் ஒரே ஒரு கிளைதான், அதற்கே இயக்குநர் எவ்வளவு பாடுபட்டிருப்பார். கேமில் ஆடுகிறவரிடம் பத்து இடத்தில் "இதுவா, அதுவா?" என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியே கதையை வளர்த்தால் பத்தாவது கேள்வி முடியும்போது 1,024 முடிவுகள் நிற்கும். முடிவு ஒன்றுக்கு ஐந்து நிமிஷக் காட்சி என்றாலும் 85 மணி நேரம் படம் வரைய வேண்டும், குரல் கொடுக்க வேண்டும், இசை போட வேண்டும். அதில் ஒரு ஆள் பார்க்கப்போவது ஐந்தே நிமிஷம். எந்த முதலாளி இதற்குப் பணம் போடுவார்?

அதனால் நாங்கள் ஒரு வேலை செய்கிறோம். தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை, சொல்லலாம். நம் மலைக்குப் படியேறிப் போகலாம், வண்டியில் மலைப்பாதை வழியாகவும் போகலாம். படியில் போகிறவருக்கு மூச்சு வாங்கும், நடுவில் உட்காரலாம், ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவதைப் பார்க்கலாம். வண்டியில் போகிறவருக்குப் பார்க்கிங் கவலை. இரண்டு பேரும் கடைசியில் ஒரே கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். கிளை பிரிகிறது, அனுபவம் மாறுகிறது, மறுபடி ஒன்று சேர்கிறது. நீங்கள் கேள்விப்படும் "உங்கள் முடிவே கதையைத் தீர்மானிக்கும்" வகைக் கேம்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கட்டப்பட்டவை. 2018இல் வந்த டெட்ராய்ட்: பிகம் ஹியூமன் போன்ற சில, செலவைப் பார்க்காமல் நிஜமாகவே நிறையக் கிளைகளை வளர்த்தன. அதில் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எங்கே பிரிந்தீர்கள், எந்த வழியில் போகவில்லை என்று ஒரு வரைபடத்தையே காட்டிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கூத்து முடிந்ததும் நடிகர் வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்து கணக்கு ஒப்பிப்பது மாதிரி இருக்கிறது.

மூன்றாவது வகைதான் எனக்கு நெருக்கமானது. நடந்தது நடந்ததுதான், அதை மாற்ற முடியாது. ஆனால் எந்தத் துண்டை முதலில் கேட்பது என்பது உங்கள் இஷ்டம்.

இது ஏதோ அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். அறுபடை வீட்டின் வரிசையைச் சொல்லுங்கள். திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, நம் திருத்தணி, பழமுதிர்சோலை. முதல் வீட்டில் தெய்வானையோடு கல்யாணம். இரண்டாவதில் சூரனோடு போர். ஆனால் போர் முடிந்த பிறகுதான் அந்தக் கல்யாணம்! மூன்றாவதில் மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போகும் சின்னப் பிள்ளை. நான்காவதில் அப்பாவுக்கே பாடம் சொல்லும் பிள்ளை. ஐந்தாவதாக இங்கே வந்தால் போரின் சினம் தணிந்து வள்ளியோடு கல்யாணம். காலவரிசைப்படி பார்த்தால் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கிறது. யாராவது குழம்பினார்களா? நம்மில் எத்தனை பேர் ஆறையும் அந்த வரிசையில் போய்ப் பார்த்திருக்கிறோம்? மதுரையில் கல்யாணம் என்றால் திருப்பரங்குன்றம், கும்பகோணம் போன சாக்கில் சுவாமிமலை. திருத்தணிக்காரர்களுக்கு ஐந்தாவதே முதலாவது. ஒவ்வொரு மலையும் ஒரு துண்டைச் சொல்கிறது, கோப்பது நாம்.

2017இல் நின்டெண்டோ வெளியிட்ட செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் இதே அமைப்புதான். ஆரம்பப் பயிற்சி முடிந்ததும் மொத்த நாடும் திறந்து கிடக்கும். நான்கு பெரிய இடங்களை எந்த வரிசையிலும் முடிக்கலாம். நாயகனுக்குப் பழைய நினைவுகள் அழிந்துபோயிருக்கும். அந்தந்த இடத்துக்குப் போய் நின்றால் அங்கே நடந்தது ஞாபகம் வரும். தைரியம் இருந்தால் எதையும் பார்க்காமல் நேரே கடைசி எதிரியிடமே போகலாம். அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், மலையடிவாரத்தில் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி.

இன்னும் துணிச்சலானது 2015இல் சாம் பார்லோ செய்த ஹெர் ஸ்டோரி. சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. போலீஸ் ஒரு பெண்ணை விசாரித்த பழைய வீடியோக்கள், 271 துண்டுகளாக ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் வரும் துண்டுகளில் முதல் ஐந்தை மட்டும் காட்டும். மிச்சம் வேண்டுமென்றால் வேறு சொல்லை யோசிக்க வேண்டும். கொலை என்ற சொல்லில் எல்லாரும் தொடங்குகிறார்கள், அதன் பிறகு ஒருவர் போன வழியில் இன்னொருவர் போவதில்லை. 1954இல் வீணை எஸ். பாலச்சந்தர் எடுத்த "அந்த நாள்" பார்த்த மூத்தவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. பாட்டே இல்லாத படம், ஒரே கொலையை ஒவ்வொருவர் வாயாலும் கேட்க வைத்தார்கள். ஒரே வித்தியாசம், அங்கே யாரை எப்போது பேசவிடுவது என்று பாலச்சந்தர் தீர்மானித்தார். இங்கே அது உங்கள் வேலை.

இப்போது நம் வீட்டுக்கே வருகிறேன். 2023 ஜூலை 31 அன்று "வெண்பா" என்று ஒரு கேம் வந்தது. டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம், அபி என்ற கனடாத் தமிழரின் தலைமையில் செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அவ்வளவுதான் குடும்பம். 2024இல் விருதுகளில் பேர் பெற்ற பாஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேமுக்கான விருதும், சுதந்திரக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். பெரும் பரிசும் இதற்குக் கிடைத்தன. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுக்க நேர்கோடு. பேச்சில் இதைச் சொல்லவா, அதைச் சொல்லவா என்று நடுநடுவே கேட்கும், எதைச் சொன்னாலும் குடும்பத்தின் போக்கு மாறாது.

ஆட்டம் முழுக்கச் சமையல்தான். வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கிழிந்து, கறைபட்டு, பாதி வரிகள் அழிந்தது. இட்லிப் பாத்திரத்தில் தட்டுகளை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். புட்டுக் குழலில் எது முதலில், எது அப்புறம் என்பதும் அப்படியே. இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு இதெல்லாம் ஒரு நிமிஷ வேலை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்!

பிற்பாடு ஒரு அத்தியாயத்தில் ஆள் மாறுகிறது. இப்போது நீங்கள் கவின். அம்மாவின் அதே புத்தகம், அதே தமிழ்க் கையெழுத்து. ஆனால் வளர்ந்த கவினுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது. அதனால் இதுவரை உங்களுக்குப் புரிந்துவந்த குறிப்பு இப்போது பாதிதான் புரிகிறது. எந்தப் பொருள், எந்த அளவு என்று தடுமாறி, ஊகித்து, தப்பாகப் போட்டு, மறுபடி செய்கிறீர்கள்.

இதைச் சினிமாவில் எடுத்தால் மகன் புத்தகத்தைப் புரட்டிக் கண் கலங்குவான், பின்னணியில் வயலின் கேட்கும், நாமும் பாவம் என்போம். இங்கே அப்படி இல்லை. படிக்கத் தெரியாமல் நிற்பவர் நீங்கள். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் ஒரு மொழி எப்படிக் கரைகிறது என்பதை உங்கள் விரலே சொல்கிறது. தபசு மரத்தடியில் மடியேந்தி நிற்பதைப் பற்றி முன்பு சொன்னேனே, அது இதுதான். ஆயிரம் முடிவு வைத்த கேம்கள் எனக்குத் தராத ஒன்றை இந்த ஒரே முடிவு தந்தது. நான் எந்தக் கட்சி என்று இப்போது தெரிந்திருக்கும். வரிசையை ஆடுகிறவரிடம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் வேலையை அவரிடம் கொடுக்காமல் வரிசையை மட்டும் கொடுத்தால், பத்து ஓட்டல் மெனு கார்டைக் கையில் கொடுத்து அனுப்பியது போலத்தான்.

நம் ஃப்ளாட்டிலேயே பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "சாப்டியா?" என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று இரண்டு மொழியிலும் பிள்ளை வளர்த்த ஊர் இது. எந்த மொழி எந்தத் தலைமுறையில் கழன்று விழுந்தது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பேரனிடம் "வெண்பா ஆடினியா? இட்லித் தட்டை எப்படி அடுக்கினே?" என்று கேட்டுப் பாருங்கள். கேமின் முடிவை நான் சொல்லவில்லை.

சரி, சுடுவதும் ஓடுவதும்? அந்தப் புகாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பிஜிஎம்ஐ போன்ற ஆட்டத்தில் நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குகிறார்கள், கடைசியில் நிற்பவர் ஜெயிக்கிறார். எழுதி வைத்த கதை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அதில் இல்லை. உண்மைதான். ஆனால் ஆடி முடித்த பையன் சாப்பிட உட்கார்ந்ததும் என்ன பேசுகிறான் என்று கேட்டிருக்கிறீர்களா? "மருந்து தீர்ந்துடுச்சு, அவன் ஜீப்போட வந்தான், நான் புல்லுக்குள்ள படுத்துட்டேன்..." பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்ததை மறுநாளும் சொல்லிச் சிரித்தோமே, அந்த ரகம். கட்டையை உருட்டும்போது அங்கே கதை கிடையாது, ஆடி முடித்தபின் உண்டாகிறது. இவற்றில் கதை போதாது என்பது என் கருத்தும்தான். எழுதியவர் இல்லாத இடத்தில் பாட்டியும் இல்லை. அதற்காகப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் நடக்கும் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. "ஒன்பது மணி ஆச்சு, நிறுத்து" என்கிறீர்கள். கதைக் கேமில் பெரும்பாலும் அத்தியாயம் முடியும் இடம் இருக்கிறது, சேவ் செய்யும் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்தினால் நாளை அங்கிருந்தே தொடரலாம். பல பேர் சேர்ந்து ஆடும் மேட்சை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. அரை மணி நேரம் போல ஓடும், எழுந்தால் கூட ஆடுகிறவர்களை அம்போ என்று விட்டதாக ஆகும். எனவே ஒன்பதுக்கு நிறுத்தச் சொல்வதைவிட எட்டரைக்கு மேல் புது மேட்ச் தொடங்காதே என்று சொல்வது நடக்கிற காரியம். அது எந்த வகை என்று ஆட்டத்தைத் தொடங்கும் முன் பிள்ளையிடமே கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

பேச்சு முடிந்ததும் இரண்டாவது பிளாக்கிலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "அங்கிள், நம்ம வள்ளி கதையை கேமா செஞ்சா லீனியரா, நான்-லீனியரா?" அதற்குச் சொன்ன பதிலையும் இங்கே சேர்த்து எழுதிவிடச் சொன்னார்கள்.

முதலில் யாராக ஆடுவது என்று முடிவு செய்ய வேண்டும். முருகனாக ஆட விடமாட்டேன். எல்லாம் தெரிந்தவருக்கு ஆட்டத்தில் என்ன திணறல் வரும்? வள்ளியாகத்தான் ஆட வேண்டும். தினைப்புனத்தில் பரண், கையில் கவண், கிளிகளும் குருவிகளும் வரும் திசை பார்த்துக் கல்லெறிய வேண்டும். பாதிக் கேம் அங்கேயே தயார். அப்போது வேடன் ஒருவன் வருகிறான். அப்பா நம்பிராஜன் வந்ததும் அங்கே வேங்கை மரம் நிற்கிறது. பிறகு ஒரு கிழவர் வந்து தேனும் தினைமாவும் கேட்கிறார், விக்குகிறது என்று தண்ணீர் கேட்கிறார். ஆடுகிற நமக்கு அது யார் என்று தெரியும், வள்ளிக்குத் தெரியாது. "போய்யா" என்று சொல்லும் பொத்தானை வைக்க வேண்டும், வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் கதையில் அவள் மறுக்கிறாள். தெரிந்தும் நாம் அவளுக்காக மறுக்க வேண்டும். யானை வந்து மிரட்டும்போதுதான் அவள் அந்தக் கிழவரிடம் ஓடுகிறாள்.

முடிவு தணிகை மலையில் கல்யாணம். அதை மாற்ற எந்தப் பொத்தானும் கிடையாது. அப்படியானால் இது நேர்கோடுதான். ஆனால் எத்தனை முறை மறுப்பது, எவ்வளவு நேரம் பரணில் நிற்பது என்பதை அவள் கையில் விட்டுவிடுவேன். நம்பாமலே நெடுநேரம் கிளி விரட்டிக்கொண்டிருந்தால் யானை தாமதமாகத்தான் வரும். "அப்ப யானையே வராம ஆடலாமா அங்கிள்?" என்று அவள் கேட்டாள். ஆடலாம், தினை விளைந்து அறுவடை ஆகும்வரை. அறுத்த பிறகு பரணில் அவளுக்கு வேலை இல்லை, வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், கிழவர் வந்து வெறும் கட்டாந்தரையைப் பார்ப்பார். அந்தக் காட்சியை எழுத வேண்டுமா கூடாதா என்று நாங்கள் இருவரும் லிஃப்ட் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். எழுதலாம் என்கிறாள் அவள்.

வெண்பா ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, வரும் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தளப் பொது அறையில் புரொஜெக்டரில் போடுகிறோம். கன்ட்ரோலரை மூத்தவர்கள் பிடிக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொடுக்கட்டும். இட்லி அத்தியாயத்துக்கு முன்பதிவு வேண்டாம்.